தொடாமல் விட்ட மஞ்சள் குறி

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையோரம் என் அம்மாவின் மீன் கடை. காலை வியாபாரம் ஓய்ந்து, பதினோரு மணி வெயிலில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்த அரை மணி நேரத்தில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை, கட்டைவிரல்தான். கடற்கரைக்கு எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. வரலாறு சேர்ந்தபோது, எங்கள் தெருவே வந்து என் அடையாள அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. நான் செய்த தப்பில் பாதி அந்தப் பெருமையால் வந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

எம்.ஏ.வோடு சேர்த்து மாலை நேர ஜெர்மன் டிப்ளமோவிலும் சேர்ந்தேன். அங்கேதான் உடன் படித்த அவள் எனக்குப் பழக்கமானாள். சாந்தோம் மாதாகோயில் பக்கத்தில் வீடு; அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். ஆனால் அவள் அதுவரை எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை, நான் அவள் தெருவில் நின்றதில்லை.

ஜெர்மன் படிக்கிற எல்லோருக்கும் இணைய அகராதிதான் கதி. வகுப்பில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் இருபது பேர் மேசைக்கு அடியில் கைப்பேசியைத் தட்டுவோம். ஆனால் அந்த அகராதி ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் அர்த்தம் சொல்லும். மற்றவர்களுக்கு ஒரு படி ஏறினால் போதும். எனக்கு இரண்டு படி. ஜெர்மன் சொல்லுக்கு வந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு முறை அர்த்தம் தேட வேண்டும். அதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

இதை அவள் இரண்டாவது வாரமே கவனித்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அகராதியில் கணக்குத் தொடங்கினால், நாம் தேடும் சொற்களைச் சேமித்து வைக்கலாம்; ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சின்னதாகக் குறிப்பு எழுதலாம். குறிப்பு இருந்தால் சொல்லுக்கு அருகில் ஒரு மஞ்சள் குறி தெரியும், அதைத் தொட்டால் திறக்கும். அவள் ஒரு கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லை என் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே லிஸ்ட்டுடி. நான் தேடறது உனக்கும் வரும், நீ தேடறது எனக்கும் வரும்" என்றாள். அன்று முதல் கடினமான சொல் எதுவானாலும் மஞ்சள் குறி இருக்கும். தொட்டால் அவள் எழுதிய தமிழ்.

மாலையில் வகுப்பு முடிந்ததும் சாலையைக் கடந்து மணலில் உட்காருவோம். ஆளுக்குப் பத்துச் சொல் கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னவள் எழுந்து அலை வரைக்கும் நடந்துபோய்க் காலை நனைத்துவிட்டு வர வேண்டும். இதுதான் விதி. நான் மனப்பாடத்தில் கெட்டி. பெரும்பாலும் என் கால் காய்ந்தே இருக்கும். அவள் சல்வாரில் முழங்கால் வரை உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். "வேணும்னே தப்பு சொல்றியாடி?" என்று ஒருநாள் கேட்டேன். "கடல் பக்கத்துல பொறந்தவ நீ, உனக்கு இதோட அருமை தெரியாது" என்று சிரித்தாள்.

முதல் வருடத் தேர்வுக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தாள். விடியற்காலை அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும் சத்தத்தில் எழுந்தவள், நானும் வருகிறேன் என்று அவரோடு கரைக்குப் போய்விட்டாள். படகு வருவதையும், வலையை உதறுவதையும், அம்மா ஏலத்தில் கத்துவதையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் 'மாதாகோயில் பொண்ணு'. வாரம் தவறாமல் கேட்பார். "இன்னா, மாதாகோயில் பொண்ணு வரலியா?"

இரண்டாம் வருடம் அந்த அறிவிப்பு வந்தது. டிப்ளமோ மாணவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் படிக்கலாம். எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். எழுத்துத் தேர்வில் நான் முதலிடம், அவள் இரண்டாமிடம். நேர்காணலில் இடம் அவளுக்குப் போனது.

அந்தப் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்ட மாலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். "நீதான்டி போயிருக்கணும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது இரக்கமாகப் பட்டது. இரக்கம் என்றால் எனக்கு ஆகாது. "பாவம் பார்க்க நான் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கல" என்றேன். வாயில் வந்ததை இன்னும் நான்கைந்து சொன்னேன். என் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

அன்றே அவள் எண்ணைத் தடை செய்தேன். விமான நிலையத்துக்குப் போகவில்லை. அவள் கிளம்பும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தாளாம். நான் நூலகத்தில் இருந்தேன். அம்மா சுட்ட கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாராம்.

எல்லாவற்றையும் அறுத்த நான், அந்த அகராதிக் கணக்கை மட்டும் விடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்த சொற்கள் அதில் இருக்கின்றன, தேர்வுக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிய கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அவள் போன ஒரு வாரத்தில் பட்டியலில் புதுச் சொற்கள் வர ஆரம்பித்தன. வாடகை ஒப்பந்தம். சூடேற்றி. கையுறை. பூஞ்சை. நடைமேடை மாற்றம். அவள் அங்கே எதையோ பார்த்துவிட்டு அர்த்தம் தேடுகிறாள். அது இங்கே என் உடைந்த கண்ணாடிக் கைப்பேசியில் வந்து நிற்கிறது. ராயப்பேட்டையில் பேருந்துக்கு நிற்கும்போதும், வீட்டில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போதும் அதைத் திறந்து பார்ப்பேன். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளை முழுதாகக் கட்டுவேன். கையுறை என்றால் குளிர் வந்துவிட்டது. நடைமேடை மாற்றம் என்றால் ரயிலை விட்டிருப்பாள். நான் போயிருக்க வேண்டிய ஊரில் நான் ஏறியிருக்க வேண்டிய ரயில். வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சல் மட்டுமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஆறு தடவை திறந்து பார்ப்பேனா?

பிறகு விசித்திரமான சொற்கள் வந்தன. தண்ணீர். ஜன்னல். உப்பு. மீன். நாங்கள் முதல் மாதம் படித்த சொற்கள். 'இது கூடவா தெரியாது? இவளையா அனுப்பினார்கள்?' என்று முதலில் மனசுக்குள் ஏளனம் செய்தேன். அதைவிடக் கோபம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் குறி இருந்தது. தண்ணீருக்கு எனக்குத் தமிழில் அர்த்தம் எழுதுகிறாளாம்! குழந்தைக்குச் சொல்வது போல. அந்தக் குறிகள் ஒன்றையும் நான் தொடவில்லை. இனி அவள் தமிழ் எனக்கு வேண்டாம், ஆங்கிலத்திலேயே புரிந்துகொள்வேன் என்று சபதம்போல் வைத்திருந்தேன். சொல்லை மட்டும் பார்ப்பேன், குறியைத் தொட மாட்டேன். ஐந்து மாதம்.

தை கடைசியில் சொற்கள் நின்றுவிட்டன. கடைசியாக வந்தது 'காலை' என்கிற சொல். முதல் நாள் முதல் வகுப்பில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டபோதே வந்த சொல். அதிலும் மஞ்சள் குறி. மூன்று வாரமாக வேறெதுவும் வரவில்லை. நான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா கிழங்கான் மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, அதையே பாத்துக்கினு கீறே? குடு, நானும் பாக்கறேன்."

அம்மாவுக்கு அந்த அகராதியில் ஒரு விளையாட்டு உண்டு. சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் ஒரு ஜெர்மன்காரர் அந்தச் சொல்லை உச்சரிப்பார். அம்மா சேலையில் விரலைத் துடைத்துவிட்டு நான்கைந்தைத் தொட்டார்.

"இவன் இன்னாடி, தொண்டையில முள்ளு மாட்டிக்கினா மாரியே பேசறான்? ஒரு வாய் சோத்த உருட்டி முழுங்கச் சொல்லு." பக்கத்துக் கடை அக்கா சிரித்தார். "இந்தாண்ட மஞ்சளா ஒண்ணு கீதே, அது இன்னா?"

"அது ஒண்ணும் இல்லம்மா, வுடு."

விடவில்லை. விரல் ஏற்கெனவே தொட்டுவிட்டது. கட்டம் ஒன்று விரிந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தின் சாடை அம்மாவுக்குத் தெரியும்.

"ஏய், இது தமிழு மாரி கீதே. படி."

வாங்கிப் பார்த்தேன். 'மீன்' என்ற சொல்லின் குறிப்பு. அர்த்தம் இல்லை. அவள் எழுதியிருந்தது இது:

"இங்க மீன் சதுரமா இருக்குடி. தலையும் இல்ல, வாலும் இல்ல, கண்ணைப் பார்த்து நல்லதா கெட்டதானு எப்படித் தெரிஞ்சுக்கறதுனு உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு. நான் பேசாம முட்டை வாங்கிட்டு வந்துட்டேன்."

சத்தமாகப் படித்துவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாதாகோயில் பொண்ணா எழுதிச்சி? தலை இல்லாத மீனை எவடி வாங்குவா? வேணாம்னு சொல்லு. ஆமா, வேற இன்னா எழுதிக்கீது? படி, படி."

அடுத்ததைத் தொட்டேன். 'உப்பு': "காத்துல உப்பு வாசமே இல்லடி. அதுக்காக ஒருத்தி அழுவாளா? நான் அழுதேன்." 'ஜன்னல்': "நாலு மணிக்கே இருட்டிடுது. வெளிய ஒண்ணும் தெரியல, என் மூஞ்சிதான் தெரியுது. நீ இருந்தா பத்துச் சொல் கேட்டிருப்ப." 'தண்ணீர்': "தப்பு சொன்னா போய் நனைய இங்க அலை இல்ல. ஒரு வாரமா யார்கிட்டயும் தமிழ்ல பேசல. நீ லிஸ்ட்டைத் திறக்கறேனு தெரியும், உன் சொல்லும் வருதே. திட்டியாவது எழுது."

ஆம், என் சொற்களும் அதில் போய்க்கொண்டுதான் இருந்தன. நான் பாடத்துக்காகச் சேமித்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இருக்கிறேன், பார்க்கிறேன், ஆனால் பதில் சொல்ல மறுக்கிறேன் என்று ஐந்து மாதம் நினைத்திருக்கிறாள். தண்ணீர், உப்பு, மீன் எல்லாம் அவள் அர்த்தம் தேடிய சொற்கள் அல்ல. தெரிந்த சொற்களாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறாள்.

"கடைசியா இன்னா கீது?" அம்மா இப்போது சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்திருந்தார்.

'காலை'யைத் தொட்டேன்.

"இதைச் சொல்லத்தான் இத்தனை நாளா சுத்தி வளைச்சேன். நேர்காணல்ல, உங்க வீட்டுல ஒரு காலை எப்படி விடியும்னு கேட்டாங்க. எங்க வீட்டுல சொல்றதுக்கு என்ன இருக்கு? நான் உங்கம்மாகூடக் கரைக்குப் போன காலையைச் சொன்னேன். படகு, வலை, ஏலத்துல அவங்க குரல். என் சிநேகிதியோட அம்மானுதான் சொன்னேன், ஆனா உன்கிட்ட கேட்காம எடுத்துக்கிட்டேன். அதுக்குத்தான் எனக்குக் கொடுத்தாங்க. அதனாலதான் நீதான் போயிருக்கணும்னு சொன்னேன். இனிமே எழுதி உன்னைத் தொந்தரவு பண்ணல."

படித்து முடித்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. சீமையில் படிக்க அனுப்புகிறவர்கள் முன்னால் தன் ஏலக் குரலைப் பற்றி ஒருத்தி பேசியிருக்கிறாள் என்கிற வெட்கம். பிறகு, ரொம்ப இயல்பாகத்தான் கேட்டார்:

"உன்னையும் அதத்தானே கேட்டிருப்பாங்க? நீ இன்னா சொன்னே பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எங்கள் ஜெர்மன் பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் வரும். அப்பா காலையில் காபி குடித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். அந்தப் பாடத்தைத்தான் ஒரு தப்பில்லாமல் ஒப்பித்தேன். அம்மாவுக்கு மட்டும் நம் ஊருக்குத் தகுந்த மாதிரி ஒரு வேலை சேர்த்தேன்.

"அப்பா வியாபாரம் பண்றாரு, காலையில பேப்பர் படிப்பாருனு சொன்னேம்மா."

அம்மா வெடித்துச் சிரித்தார். "யாரு, உங்கப்பனா? பேப்பர்ல மீனைத்தான் மடிப்பாரு!" பக்கத்துக் கடை அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லப் போனவர், பாதியில் நிறுத்தினார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அப்போ நான்? அதுல நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?"

"பூஜை பண்ணிக்கினு இருந்தே."

அம்மா தலையை ஆட்டினார். சரி என்பது போலவும் இருந்தது, வேறு என்னவோ போலவும் இருந்தது. அந்த நேரம் ஸ்கூட்டரில் ஒருவர் வந்து நின்று சங்கரா மீன் இருக்கிறதா என்று கேட்டார். "கீதுண்ணா, இப்பத்தான் வந்துது, கண்ணைப் பாரு" என்று அம்மா அந்தப் பக்கம் திரும்பினார். அதன் பிறகு அன்று வீடு திரும்பும் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மதியம் அலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தடையை எடுத்துவிட்டு, அவளுக்குப் போன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

"அம்மாதான்டி திறந்தாங்க. நான் இவ்வளவு நாளா ஒண்ணைக்கூடத் திறக்கல" என்றேன்.

"நீ படிச்சிட்டு சும்மா இருக்கேனு நெனச்சேன்" என்றாள். பிறகு, "பரவால்லடி" என்றாள்.

அந்தப் 'பரவால்ல'யை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் பேருந்தில் காலை மிதித்தவரிடம் சொல்வோமே, அந்தப் பரவாயில்லை. அம்மாவை விசாரித்தாள், பரீட்சையை விசாரித்தாள். அலைச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். லேசாகக் கேட்கிறது என்றாள். பட்டியலில் உனக்குப் பதில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன்.

"அந்த லிஸ்ட்டா? இப்ப அதைத் திறக்கறதே இல்லடி. இங்க ஜெர்மனுக்கு ஜெர்மன்லயே அர்த்தம் பார்க்கச் சொல்றாங்க. மொதல்ல கஷ்டமா இருந்துது, இப்ப பழகிடுச்சு."

பழகிடுச்சு. அவளுக்கு யாராவது தேவைப்பட்ட காலம் அந்த ஐந்து மாதம்தான். அதில் நான் இல்லை.

ஆறு மாதம் போனவள் அங்கேயே மேற்படிப்பு கிடைத்துத் தங்கிவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அம்மா வவ்வால் மீன் வறுத்துப் போட்டார். இருவரும் தலையில்லாத மீனைப் பற்றி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணலுக்குப் போகலாமா என்று கேட்க நினைத்தேன், அவளுக்கு நேரமாகிவிட்டது. எங்களுக்குள் இப்போது ஒரு குறையும் இல்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம்.

நான் இப்போது தி.நகரில் ஒரு பயிற்சி மையத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் மாணவர்களை, உங்கள் வீட்டில் காலை எப்படி விடியும் என்று கேட்பேன். அவர்களுக்கு முன்னால் நானே சொல்லிக் காட்டுவேன். படகு, வலை, ஏலம், என் அம்மாவின் குரல். பாடப்புத்தகத்தில் அந்தச் சொற்கள் கிடையாது. ஒவ்வொன்றாகத் தேடித்தான் சேர்த்தேன். ஒருநாள் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, அம்மா அந்த முள் மாட்டிய பாஷையில் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல நான் கீறேனா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறாய் என்றேன்.

அவள் எழுதிய ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே என் பதிலை எழுதி முடித்துவிட்டேன். அதன் பிறகும் வாரத்துக்கு ஒரு சொல் எடுத்து, தண்ணீர், மணல், அலை என்று அவளுக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த சொல்லாகப் பார்த்து, அதன் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். பட்டியல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அவள் திறந்ததற்கு இதுவரை அடையாளம் இல்லை. திறந்து பார் என்று நான் சொல்லவும் இல்லை. அவள் காத்திருந்த ஐந்து மாதங்கள் எப்போதோ கடந்துவிட்டன. ஆனால் தெரியாத ஊரில், நாலு மணி இருட்டில், ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு அவள் காத்திருந்த ஐந்து மாதத்துக்கு, சொந்தக் கடலின் பக்கத்தில் நின்று நான் எத்தனை வருடம் காத்திருந்தால் சரியாகும் என்று எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.